மதுரையில் படித்தால் பட்டம் ஏன் செராம்பூரிலிருந்து வருகிறது? அங்கே போய்ப் படிப்பது எப்படி இருக்கும்?

நாசரேத் மாமா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் அக்கா மகன் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பி.டி. (போதகர் ஊழியத்துக்கான இறையியல் பட்டப்படிப்பு) கடைசி வருஷம் படிக்கிறான். படிப்பது மதுரையில், பட்டம் வருவது மேற்கு வங்காளத்தில் இருக்கும் செராம்பூரிலிருந்து. எங்கள் சபையில் ஒருவர் அது வெறும் கல்லூரிதான் என்கிறார், இன்னொருவர் டென்மார்க் ராஜா கொடுத்த பல்கலைக்கழகம் என்கிறார். எது சரி? பையனுக்கு மேற்படிப்பை செராம்பூரிலேயே போய்ப் படிக்க ஆசை. அக்காவுக்குத்தான் பயம், தூரம், பாஷை, சாப்பாடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்கிறாள். அங்கே இருந்தவர்கள் யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

பழைய ஏடு:

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் அண்ணே. கல்லூரியை 1818-இல் தொடங்கியவர்கள் வில்லியம் கேரி, ஜோசுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்ற மூன்று பாப்டிஸ்ட் மிஷனரிகள். அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை அண்ட விடாது, அதனால்தான் 1800-இல் இவர்கள் கல்கத்தாவுக்கு வடக்கே டேனிஷ்காரர்கள் கையில் இருந்த செராம்பூரில் குடியேறினார்கள். அடைக்கலம் கொடுத்த ஆளுநர் ஒலே பீ அதற்கு முன்பு நம் தரங்கம்பாடியில் இருந்தவர், அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயரை நன்றாக அறிந்தவர். தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே ராஜாவின் ஊர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மார்ஷ்மன் கோபன்ஹேகனுக்கு நேரிலேயே போய், ஆறாம் பிரடெரிக் மன்னரிடம் 1827 பிப்ரவரி 23-இல் அரச சாசனம் வாங்கினார். கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களைப் போல இந்தக் கல்லூரியும் பட்டம் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றபோதும் அந்த உரிமை செல்லும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டார்கள். ஆனாலும் அது நெடுங்காலம் பயன்படாமலே கிடந்தது. 1857-இல் கல்லூரி கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, 1883-இல் கலைப் பிரிவை மூடிவிட்டார்கள், கொஞ்ச காலம் ஊழியர்களைப் பயிற்றும் வெறும் செமினரியாகத்தான் ஓடியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஹவல்ஸ் முதல்வராக வந்துதான் எல்லாவற்றையும் தூசி தட்டி எழுப்பினார். முதல் பி.டி. பட்டங்கள் 1915-இல் கொடுக்கப்பட்டன, 1918-இல் வங்காள சட்டசபை தனிச் சட்டமே போட்டது. அந்தச் சட்டப்படி அமைந்த செனட்தான் இன்று நாடு முழுக்க இருக்கும் இறையியல் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் போட்டுத் தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கிறது. அரசரடி அதில் ஒன்று, சென்னை குருகுலம் இன்னொன்று.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் வேறு. கல்லூரிக்குப் பணம் திரட்ட வார்டு அமெரிக்கா போனார். கொடுத்தவர்களில் சிலர், இந்தப் பணம் இறையியலுக்கு மட்டும்தான், அறிவியல் பாடத்துக்குத் தொடக்கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். கேரிக்குக் கோபம் வந்துவிட்டது. அறிவியல் தெரியாமல் ஒருவனை ஊழியத்துக்குத் தயார் செய்ய முடியுமா, உங்கள் நாட்டில் அப்படித்தான் செய்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். செருப்புத் தைத்துப் பிழைத்தவர், பள்ளிக்கூடத்தைத் தாண்டாதவர், அவர் கேட்கிறார் இதை! அங்கே ஜான் மேக் வேதியியல் நடத்தினார், அதற்கு வங்காளியிலேயே பாடநூலும் எழுதினார். சாதி, நிறம், நாடு எதுவும் சேர்க்கைக்குத் தடையாகாது என்று 1833-இல் விதியாகவே எழுதி வைத்தார்கள். அந்த வருஷத்தில் இங்கே நம் ஊர்களில் பள்ளிக்கூட வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஹூக்ளிக்கரை:

நான் அங்கே இறையியல் பிரிவில் படித்தவன், அதனால் அக்காவின் பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். வளாகத்துக்குள் போனால் செமினரி மாதிரியே இருக்காது. கலை, அறிவியல், வணிகவியல் பிரிவுகள் கல்கத்தா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை, பகலில் உள்ளூர் வங்காளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பெரும்பாலோர் இந்துக்கள். அதற்குள் இறையியல் மாணவர்கள் ஒரு சின்னக் கூட்டம், நாகாலாந்து, மிசோரம், ஒடிசா, கேரளா என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து விடுதியில் இருப்பவர்கள். அரசரடியில் எங்கே திரும்பினாலும் தமிழ், இங்கே அறையில் இருப்பவனோடு பேசக்கூட ஆங்கிலம்தான். தொடக்கத்தில் நாக்கு தடுமாறும், போகப் போகச் சரியாகிவிடும். கடைக்குப் போகிற அளவுக்கு வங்காளி வந்துவிடும்.

சாப்பாடு விஷயத்தில் அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. சோறு, பருப்பு, மீன் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் கடுகெண்ணெய் வாசனை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும். புளிக்குழம்புக்கு ஏங்கிப் போவான். ஊரிலிருந்து குழம்புப் பொடியும் ஊறுகாயும் கொடுத்து விடச் சொல்லுங்கள், அறைத் தோழர்கள் பங்கு கேட்பார்கள், அதனால் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்து விடுங்கள்.

இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரியின் பெரிய கட்டடம் கங்கையைப் பார்த்தபடி உயரமான தூண்களோடு நிற்கும், உள்ளே போனால் இரும்பில் வார்த்த பெரிய படிக்கட்டு. டென்மார்க் ராஜா கொடுத்தது என்று காட்டுவார்கள். மாலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் எதிர்க்கரையில் பாரக்பூர் தெரியும், படகில் ஏறினால் போய்விடலாம். கேரி நூலகத்தில் செராம்பூர் அச்சகத்தில் அடித்த பழைய பைபிள்கள் எத்தனையோ இந்திய மொழிகளில் இருக்கின்றன, ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அது ஒன்று போதும். கேரி, மார்ஷ்மன், வார்டு மூன்று பேரின் கல்லறையும் அதே ஊரில்தான்.

நாசரேத் மாமா:

ரொம்ப நன்றி தம்பிகளா. இரண்டையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன், முகம் கொஞ்சம் தெளிந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்வி. பாப்டிஸ்ட் ஆரம்பித்தது என்கிறீர்கள், நாங்கள் சி.எஸ்.ஐ. பையனுக்கு அங்கே சிக்கல் வருமா?

கிராமத்துப் போதகர்:

வராது ஐயா. 1918 சட்டமே கல்லூரியின் ஆட்சிக் குழுவான கவுன்சிலையும், பட்டம் கொடுக்கும் செனட்டையும் மற்ற சபைகளுக்குத் திறந்துவிடத்தான் வந்தது. சி.எஸ்.ஐ., லுத்தரன், மார்த்தோமா, மெதடிஸ்ட் எல்லாரும் சேர்ந்து எழுதும் தேர்வு அது. எங்கள் பேராயத்து ஆயர்களில் பலர் கையில் இருப்பது செராம்பூர் பட்டம்தான். விண்ணப்பத்துக்குச் சபையின் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள், அதைப் பேராய அலுவலகத்தில் சீக்கிரமே சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

ஹூக்ளிக்கரை:

போதகர் ஐயா சொன்னதோடு இன்னொன்று. அவன் எடுக்க நினைக்கும் பிரிவு இந்த வருஷம் செராம்பூரில் நடக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், மேற்படிப்பில் எல்லாப் பிரிவும் எல்லாக் கல்லூரியிலும் இருக்காது. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் வந்தால் ஹவுராவிலேயே லோக்கல் மாறலாம், அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ஸ்டேஷன் பலகையில் ஸ்ரீராம்பூர் என்று இருக்கும், அங்கே இறங்கினால் போதும். டிசம்பர், ஜனவரியில் நல்ல குளிர் இருக்கும், ஒரு கம்பளி கட்டாயம் வேண்டும்.