சங்கிலியை நகர்த்தும் பொறிக்கும் அதைத் தாங்கும் துண்டுக்கும் சொல் தேவை

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அவையோர்க்கு வணக்கம். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டப் புதிதாகப் பழகுவோர் வழியில் தாமே செய்துகொள்ளக்கூடிய பழுதுநீக்கம் குறித்த கையேடொன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். பஞ்சர், பிரேக், பெடல் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டேன். சங்கிலிக் கண்ணியின் ஊசியைத் தள்ளும் கருவிக்குக் 'கண்ணிகழற்றி' என்று எழுதினேன். ஓரிடத்தில் மட்டும் மூன்று நாளாக நிற்கிறேன்.

சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லரை வண்டியின் சட்டத்தோடு இணைப்பது ஒரு சிறிய அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கமாக விழுந்தால் சட்டத்துக்குக் கேடு வராமல் தான் வளையவோ முறியவோ வேண்டும் என்றே அதை மெலிதாகச் செய்கிறார்கள். அது வளைந்திருப்பதை அறியாமல் மிகப் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லர் ஆரைக்கம்பிகளில் சிக்கிச் சக்கரத்தையே கெடுத்துவிடும் என்பதால், கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இதன் பெயர் வருகிறது. ஆங்கிலப் பெயரையே கொண்டு 'ஹேங்கர்' என்று எழுதினாலோ சட்டை மாட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. உதவுங்கள்.

மடல் 2: தமிழாசிரியர்

பொறிக்குப் பெயரிட்ட பின்பே துண்டுக்குப் பெயரிட முடியும். டீரெய்லர் என்பதன் மூலம் பிரெஞ்சு, தண்டவாளத்திலிருந்து இறக்குவது என்பது வேர்ப்பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் ஆக்கினால் 'தடம்புரட்டி' என்றாகும். கற்க வந்தவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இடம் நீங்கச் செய்வதற்கு நம்மிடம் 'பெயர்த்தல்' உண்டு. 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்பது தொல்காப்பிய மரபியல். மண்வெட்டியில் உள்ள கருவிப்பொருள் இகரத்தைச் சேர்த்துச் 'சங்கிலிப்பெயர்ப்பி' என்க. துண்டு 'பெயர்ப்பித்தாங்கி'. அதே நூற்பாத் தொடரில் வரும் 'அதர்' வழியைக் குறிப்பது. கல்லும் முள்ளும் நிறைந்த அருவழிக்குச் சங்கப் புலவர் ஆண்டது. எனவே மலைச் சைக்கிளையே 'அதருருளி' எனலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மடல் 3: பழுதுநீக்கப் பயிற்றுநர்

ஐயா, அதருருளியை நான் வகுப்பில் சொன்னால் மாணவர் என்னைத்தான் பார்ப்பார்கள், வண்டியைப் பார்க்கமாட்டார்கள். விழுந்து எழுந்தவரிடம் நான் சொல்வது இவ்வளவே: வண்டிக்குப் பின்னால் குனிந்து பார், மேலுள்ள பற்சக்கரமும் கீழே தொங்கும் இரு சிறு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா? இந்த இடத்தில் 'சங்கிலிமாற்றி' என்றால் உடனே விளங்கும். 'தாங்கி' வேண்டவே வேண்டாம். அடுத்த இயலிலேயே சக்கரக் குடத்தின் பேரிங் அப்பெயரோடு காத்திருக்கிறது.

மடல் 4: தமிழாசிரியர்

'சங்கிலியை மாற்று' என்றால் பழையதை நீக்கிப் புதியதைப் போடு என்பதே தமிழ். தேய்ந்து நீண்ட சங்கிலி மாற்றப்பட வேண்டும் என்று உங்கள் கையேடே சொல்லுமல்லவா? அப்போது 'சங்கிலிமாற்றி' எது, பொறியா, மாற்றும் ஆளா?

மடல் 5: பயிற்றுநர்

ஒப்புக்கொள்கிறேன். 'கியர்மாற்றி' என்று வைக்கலாம் என எழுதத் தொடங்கினேன். கைப்பிடியில் விரலால் தட்டும் நெம்புகோலுக்கு அப்பெயரே பொருந்தும் என்பது பாதியில் நினைவுக்கு வந்தது.

மடல் 6: ஈழத்து உறுப்பினர்

எங்களுக்குத் 'தாங்கி' என்றால் நீரோ எரிபொருளோ நிற்கும் கலம். ஆகையால் 'பெயர்ப்பித்தாங்கி' எங்கள் பக்கம் வேறு பொருள் தரும். ஜெர்மானியர் இத்துண்டைக் கண் என்ற சொல்லால் குறிக்கிறார்கள்; துளையுள்ள சிறு உறுப்பு என்பதே கருத்து. அவர்கள் கண் என்பதை நாம் காது என்போம். பட்டினத்தாரின் ஊசிக்கும் காதுதான் அற்றுப்போயிற்று, கண் அன்று. இதுவும் சட்டத்தின் ஓரத்தில், துளையோடு, மடல்போல் நீண்டிருப்பது. 'காது' போதாதா?

மடல் 7: பயிற்றுநர்

போதும். 'காது வளைந்துவிட்டது' என்று யாரும் விளக்கம் கேளாமல் சொல்வார்கள். ஆனால் ஒன்றைக் கையேட்டில் அழுத்தி எழுதுங்கள்: சட்டத்துக்குச் சட்டம் காதின் வடிவம் வேறு. 2019-இல் சைக்கிள் உறுப்புகள் செய்யும் ஸ்ராம் நிறுவனம் ஒரு பொதுவடிவத்தை வெளியிட்ட பின்னரும் எல்லாச் சட்டங்களும் அதை ஏற்பதில்லை. தம் வண்டிக்குரிய காது ஒன்றையும் அதன் திருகையும் பையில் வைத்திருப்பவரே நடந்து திரும்பாமல் ஓட்டித் திரும்புவார். அந்தப் பொதுவடிவத்துக்குப் 'பொதுக்காது' என்று பெயரிட்டால் சிரிப்பார்களோ?

மடல் 8: மொழிபெயர்ப்பாளர்

சிரிக்கட்டும், நினைவில் நிற்கும். நால்வரில் மூவர் காதுக்கு இசைந்துவிட்டோம். 'பெயர்ப்பி'யை முதலிடத்தில் ஒருமுறை அறிமுகப்படுத்திவிட்டு, மற்ற இடங்களில் 'டீரெய்லர் காது' என்றே எழுதப்போகிறேன். பொறுத்தருள்க.

மடல் 9: தமிழாசிரியர்

கலப்பு மணத்தை நான் ஏற்கவில்லை. என் மறுப்பைக் குறித்துக்கொள்க. ஆயினும் எழுதுவதென்று முடிவானபின் 'டீரெய்லர்க் காது' என ஒற்று மிக எழுதுங்கள். தேர்க்கால் என்பதில் மிகவில்லையா?