ஓவியப் பள்ளிக்குப் போகாதவர் படநூல் ஓவியராக முடியுமா?

கேள்வி (கிளிநொச்சி): எங்கள் சனசமூக நிலையத்துக்கு வரும் தரம் 10 மாணவி ஒருத்தி, அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாள்களில் குளக்கட்டையும் பனங்கூடலையும் அவ்வளவு நுணுக்கமாக வரைகிறாள். சித்திரம் கற்பிக்க ஆளில்லை. இவளுக்கு எவரை முன்மாதிரியாகக் காட்டலாம்?

பதில் (முல்லைத்தீவு): அக்கா, இத்தாலியரான ரொபேர்ட்டோ இன்னோசென்ரியைக் காட்டுங்கள். 1940இல் புளோரன்ஸ் நகருக்கு அருகே பிறந்த அவர், 13 வயதிலேயே உருக்கு வார்ப்பாலையில் வேலைக்குச் சேர்ந்து, முறையான ஓவியக் கல்வி எதுவுமின்றி உரோமில் அசைவூட்டப் படக் கூடத்தில் பணியாற்றி, பின் ஊர் திரும்பிச் சுவரொட்டிகள் வரைந்தே படநூலுக்கு வந்தார். 2008இல் சிறுவர் நூல் படைப்பாளிகளுக்கான சர்வதேச விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது பெற்றார்.

பதில் (மாங்குளம்): மரப்பொம்மைச் சிறுவனின் கதையான பினோக்கியோவுக்கு அவர் வரைந்த படங்களிலிருந்து தொடங்குவது நல்லது; புளோரன்ஸ் இருக்கும் தஸ்கனி மாநிலத் தெருக்களின் ஒவ்வொரு சுவரும் சாளரமும் அவற்றில் தனித்தனியே துலங்கும். 1985இல் வந்த ‘ரோஸ் பிளான்ஷ்’ நூலில், நாஜி வதைமுகாமின் முள்வேலிக்குப் பின்னால் பசியோடு நிற்கும் பிள்ளைகளை ஜெர்மன் சிறுமி ஒருத்தி காண்கிறாள். முகாம் வாழ்வை அறிந்த எங்கள் வீடுகளில் அதைத் தனியே கொடுத்துவிடாமல், பெரியவர் ஒருவர் அருகிலிருந்து வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. முதலில் பினோக்கியோவைத் தேடி எடுக்கிறேன். மற்றதை அவளுடைய தாயாரோடு கதைத்த பின்னர் பார்ப்போம்.