மஞ்சள் காலுறைப் பிள்ளைகள்: கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியோடு உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

போன செப்டம்பரில் ஒரு நாள் லண்டன் பேங்க் ஸ்டேஷனில் இருந்து வெளியே வந்து ஆபீஸுக்கு அவசரமாக நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று பேண்டு வாத்தியச் சத்தம். திரும்பிப் பார்த்தால் வரிசை வரிசையாகப் பிள்ளைகள், கணுக்காலை எட்டும் கருநீல அங்கி, இடுப்பில் தோல் வார், கழுத்தில் நம் ஊர் வக்கீல்கள் கட்டுவது போல வெள்ளைப் பட்டை, கீழே பளீரென்று மஞ்சள் காலுறை. ஏதோ சினிமா ஷூட்டிங் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரைக் கேட்டேன். "ஷூட்டிங் இல்லை தம்பி, இது கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் என்ற பள்ளிக்கூடம், தினமும் இதைத்தான் உடுத்துகிறார்கள்" என்றார். புனித மத்தேயு நாளை ஒட்டி வருடா வருடம் இப்படி நடந்து வந்து, லண்டன் சிட்டியின் லார்ட் மேயர் வசிக்கும் மேன்ஷன் ஹவுஸில் அவர் கையால் ஆளுக்குக் கொஞ்சம் புது நாணயம் வாங்கிக்கொண்டு போவார்களாம்.

அன்று இரவு முழுக்க இந்தப் பள்ளியைப் பற்றித்தான் படித்தேன். ஹாஸ்பிட்டல் என்றதும் மருத்துவமனை என்று எண்ண வேண்டாம், அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிட்டத்தட்ட நம் சத்திரம் மாதிரி, போக்கிடம் இல்லாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் மூடிய பிறகு நியூகேட் தெருவில் கிரேஃபிரையர்ஸ் மடம் காலியாகக் கிடந்தது. தெருவிலோ தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். பிஷப் ரிட்லி இளம் அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னால் ஏழைகளுக்காகப் பிரசங்கம் செய்தார், அரசர் மேயரைக் கூப்பிட்டுச் சொன்னார், நகரத்து வணிகர்கள் பணம் திரட்டினார்கள். 1552 நவம்பரில் 380 பிள்ளைகளோடு தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் ஜூனில் சாசனத்தில் கையெழுத்துப் போட்ட எட்வர்ட், சில நாட்களிலேயே இறந்துபோனார். வயது 15தான்.

என்னை அசைத்தது அந்த உடுப்புதான். நீலம் அன்றைக்கு மலிவான சாயம், வேலைக்காரர்களும் தர்மத்தில் வளரும் பிள்ளைகளும் உடுத்தும் நிறம். மஞ்சள் காலுறை போட்டால் எலி அண்டாது என்று ஒரு கதையும் உண்டு. அதாவது "இவன் தர்மத்தில் வளர்கிறவன்" என்று ஊருக்கே காட்டும் உடுப்பு. அதையே ஐந்நூறு வருடம் நெருங்கும்போதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டு நடக்கிறார்கள். யாராவது பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கிராலியிலிருந்து ஓர் அம்மா:

தம்பி, என் மகள் அங்கேதான் படிக்கிறாள், இது மூன்றாம் வருடம். லண்டனில் இருந்து பள்ளி 1902லேயே சசெக்ஸில் ஹார்ஷம் பக்கம் வந்துவிட்டது. பெண் பிள்ளைகள் ஹெர்ட்ஃபோர்டில் தனியாக இருந்தார்கள், 1985இல்தான் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். கட்டணத்தைப் பார்த்து முதலில் நாங்கள் விண்ணப்பிக்கவே பயந்தோம். அப்புறம்தான் தெரிந்தது, வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவு செய்வார்கள், ஒன்றுமே கட்டாத குடும்பங்களும் உண்டு. உடுப்பும் பள்ளியே கொடுத்துவிடும். யார் வீட்டில் கார் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று அந்த அங்கியைப் பார்த்துச் சொல்லவே முடியாது, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

முதல் நாள் விடுதியில் விட்டுவிட்டு வரும்போது அவள் அழவில்லை, நான்தான் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். பதினொரு வயதுப் பிள்ளை. முதல் விடுமுறைக்கு வந்தபோது காலுறையைக் கையால் துவைத்துக் கொடியில் போட்டேன், எதிர்வீட்டு அம்மா வந்து "இது என்ன, நாடகத்துக்கா" என்று கேட்டார்! மகளுக்கு ரோஷம் வந்து, அடுப்படியில் நின்றபடியே எட்வர்டில் இருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூட பேண்டு வாசிக்க அணிவகுத்துத்தான் போவார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் வெர்ரியோ வரைந்த ஓவியம் ஒன்று, நீளம் 80 அடிக்கு மேல். இரண்டாம் சார்லஸ் 1673இல் இங்கே கணிதப் பள்ளி ஒன்றை நிறுவியதைக் கொண்டாடும் படம் அது. கடற்படைக்குக் கணக்கும் திசை பார்க்கவும் தெரிந்த பையன்கள் வேண்டும் என்பதுதான் நோக்கம். கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் வானியலாளராகப் போன வில்லியம் வேல்ஸ் திரும்பி வந்து இந்தப் பள்ளியில்தான் கணக்கு வாத்தியாராக இருந்தார். கவிஞர் கோலரிட்ஜ் இங்கே படித்த காலமும் அதுதான். அப்பா இறந்த மறு வருடமே, பத்து வயது கூட நிரம்பாமல் இங்கே வந்து சேர்ந்த பிள்ளை அவர்.

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒருவர்:

அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு தாத்தா நினைவுக்கு வந்துவிட்டார். இங்கே இருந்தவர், பெயர் வேண்டாம். பேச்சு குறைவு. ஒரு நாள் டிவியில் லார்ட் மேயர் ஊர்வலம் ஓடியது, அதில் இந்தப் பள்ளியின் பேண்டு வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். "ஹவுஸி!" என்றார். பழைய மாணவர்கள் பள்ளியை அப்படித்தான் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அவருடைய அப்பா விமானப் படையில் இருந்து போரில் இறந்தவர். இந்தப் பள்ளியில் படித்த பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் தெரியும் அல்லவா, 1943இல் ஜெர்மனியின் அணைகளை உடைக்க, தண்ணீரில் துள்ளிப் போகும் குண்டைச் செய்தவர். அந்த ஒரே இரவில் போன 133 பேரில் 53 பேர் இறந்துபோனார்கள், அது அவரைக் கடைசி வரை வாட்டியது. போருக்குப் பின் அந்தக் கண்டுபிடிப்புக்காக அரசு கொடுத்த 10,000 பவுண்டையும் தான் படித்த பள்ளிக்கே கொடுத்துவிட்டார், இறந்த விமானப் படையினரின் பிள்ளைகள் படிக்க. அதில் படித்த ஒருவருக்குத்தான் நான் தினமும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியை விட்டுப் போகும்போது ஒவ்வொருவர் கையிலும் ஒரு பைபிளைக் கொடுத்து, நீ இங்கே பெற்றதை மறக்காதே, உன்னால் முடிந்த அளவுக்கு மற்றவர்களும் இதைப் பெற வழி செய் என்று சொல்லி அனுப்புவார்களாம். தாத்தாவின் பைபிள் கட்டில் பக்கத்து அலமாரியில் இருந்தது. பென்ஷனில் இருந்து மாதா மாதம் பள்ளிக்குச் சிறு தொகை போய்க்கொண்டே இருந்தது என்று அவர் மகள் பிறகு சொன்னார். அவர் இறந்த அன்று பைபிளைத் துணியில் சுற்றி அந்த மகளிடம் நான்தான் கொடுத்தேன்.

ஹார்ஷம் வழியாக தினமும் ரயிலில் போகிறவர்:

அந்தப் பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷனின் பெயரே கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்தான். 1902இல் பள்ளி வருகிறது, கூட்டம் அள்ளும் என்று எண்ணிப் பெரிதாகக் கட்டினார்கள். பிள்ளைகளோ விடுதியில் தங்குகிறவர்கள், தினமும் யார் ரயில் ஏறுவது? கிளைப் பாதைகளும் 1960களில் மூடிவிட்டார்கள், இப்போது சின்ன ஸ்டேஷன். ஆனால் விடுமுறை விடும் நாளில் அந்த நடைமேடையைப் பார்க்க வேண்டும், நீல அங்கியும் பெட்டியுமாக ஒரே இரைச்சல்.

எழுத்தாளர் சார்லஸ் லாம்பும் இந்தப் பள்ளியில் படித்தவர். திக்குவாய் இருந்ததால் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனி ஆபீஸில் 33 வருடம் கணக்கு எழுதினார். கல்கத்தாவின் முதல் பிஷப் மிடில்டனும் இந்தப் பள்ளிதான். அன்றைக்கு மெட்ராஸும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

முதலில் எழுதியவர்:

நேற்று மதியம் நியூகேட் தெருவுக்குப் போனேன். பழைய கிறைஸ்ட் சர்ச்சின் கோபுரமும் சில சுவர்களும்தான் நிற்கின்றன, உள்ளே ரோஜாத் தோட்டம். பக்கத்தில் இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வெண்கலச் சிலை, 2017இல் வைத்தது. கந்தலோடு ஆரம்பிக்கும் பிள்ளைகள் நடக்க நடக்க நீல அங்கிக்கு மாறுவது போலச் செய்திருக்கிறார்கள். கொண்டுபோன சாப்பாட்டைப் பிரிக்காமலே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா, வரும் செப்டம்பரில் உங்கள் மகளும் மேன்ஷன் ஹவுஸுக்கு நடந்து வருவாளா? தேதி தெரிந்தால் சொல்லுங்கள், லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறேன்.