தொழிலதிபரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையை அவர் அலுவலகமே திருத்தலாமா?

பக்கவரலாறு:

சென்ற வாரம் வேறோர் இழையில், "தன்னைப் பற்றிய கட்டுரையில் பிழை இருந்தால் அதைத் திருத்த ஒரு தொழிலதிபருக்கு உரிமை இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பேச்சு திசைமாறிப் போனதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். என் நிலைப்பாடு இதுதான்: பிழையைச் சுட்டிக்காட்டும் உரிமை அவருக்கு உண்டு, கட்டுரையில் கைவைக்கும் உரிமை அவருக்கும் இல்லை, அவருடைய அலுவலகத்துக்கும் இல்லை, அவரிடம் கூலி பெற்று எழுதும் நிறுவனத்துக்கும் இல்லை.

நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றே போதும். ஆங்கில விக்கிப்பீடியாவில் வைஃபைஒன் என்ற பயனர் 2010இல் நிர்வாகி, அதாவது பக்கங்களை நீக்கவும் பயனர்களைத் தடுக்கவும் அதிகாரம் உள்ளவர், ஆனார். ஐஐபிஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றியும், அதன் முகமாக விளங்கிய அரிந்தம் சவுத்ரியைப் பற்றியும் இருந்த கட்டுரைகளில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். விமர்சனச் செய்தி வந்தால் ஆதாரத்தின் தரத்தைக் கேள்வி கேட்பார். பாராட்டு வந்தால் அந்தக் கேள்வி எழாது. 2015 பிப்ரவரியில்தான், பயனர்களின் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர் குழு அவரைத் தளத்திலிருந்தே தடைசெய்தது. அவர் யார், யாருக்காக எழுதினார் என்பது பொதுவெளியில் நிறுவப்படவில்லை. அவருடைய தொகுப்புகளின், அதாவது அவர் செய்த திருத்தங்களின், போக்கே தீர்ப்புக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2014 செப்டம்பரில், எம்பிஏ, பிபிஏ போன்ற பெயர்களை அந்நிறுவனம் பயன்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த பெற்றோர்களை நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 15,000 மாணவர்களின் வாழ்க்கை இதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கேரியர்ஸ் 360 இதழின் வெளியீட்டாளர் நியூஸ்வீக்கிடம் சொன்னார். அது அவருடைய மதிப்பீடுதான். பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் சிறிய எண்ணிக்கை இல்லை.

கிண்டிக்காரன்:

நான் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகளாகச் சென்னையில் மக்கள் தொடர்புத் துறையில் வேலை பார்க்கிறேன். தொழிலதிபர்களின் பெயரைப் பாதுகாப்பதுதான் என் பிழைப்பு.

நண்பர் பக்கவரலாறு எடுத்தது ஒரு பக்கத்து எடுத்துக்காட்டு. மறுபக்கத்திலும் ஒன்று உண்டு. ஜான் சீகென்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் சந்தேகிக்கப்பட்டவர் என்று 2005இல் யாரோ ஒருவர் அவரைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் வேடிக்கைக்காக எழுதிவைத்தார். நான்கு மாதங்களுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. தன்னார்வலர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள் என்பது நல்ல நம்பிக்கை, அவ்வளவுதான்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை நடத்துபவர், எழுபது வயதைத் தாண்டியவர். அதே பெயர் கொண்ட வேறொருவர் மீதான காசோலை மோசடி வழக்கை யாரோ இவருடைய கட்டுரையில் ஒட்டிவிட்டார்கள். நான் விதிப்படியே நடந்தேன். கட்டுரையைத் தொடாமல், அதைப் பற்றி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நான் யார், யாரிடம் ஊதியம் பெறுகிறேன் என்று அறிவித்து, வழக்கின் எதிரி வேறொருவர் என்பதைக் காட்டும் தீர்ப்பின் இணைப்பையும் கொடுத்து வேண்டுகோள் வைத்தேன். பதினோரு வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் அவருடைய பேத்திக்குச் சம்பந்தம் பேச வந்த வீட்டார் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடைசியில் அவருடைய ஓட்டுநரின் மகன், கல்லூரிப் பையன், கணக்குக்கூட இல்லாமல் கைப்பேசியிலிருந்தே அந்த வரியை நீக்கினான். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. விதியை மதித்தவன் காத்திருந்தேன். மதிக்காதவன் அரை நிமிடத்தில் முடித்தான்.

அறிவித்துவிட்டு எழுதினால் மட்டும் மதிப்புக் கிடைக்கிறதா? 2013இல் பிபி எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் தன் அடையாளத்தை வெளிப்படையாகச் சொல்லி, கட்டுரையைத் தொடாமல், வரைவுகளைப் பேச்சுப் பக்கத்தில்தான் வைத்தார். தொகுப்பாளர்கள் அவற்றை எடுத்துக் கட்டுரையில் சேர்த்தார்கள். "பிபி தன் பக்கத்தைத் தானே எழுதிக்கொள்கிறது" என்றுதான் செய்தி வந்தது.

பக்கவரலாறு:

உங்கள் வாடிக்கையாளருக்கு நேர்ந்ததற்கு உண்மையாகவே வருந்துகிறேன். ஆனால் அந்த வரியை நீங்களே நீக்கியிருக்கலாம். வாழும் மனிதர்களைப் பற்றிய கட்டுரையில் ஆதாரமற்ற அவதூறு இருந்தால் அதை யாரும், கட்டுரைக்குரியவரேகூட, உடனே நீக்கலாம் என்று விதி சொல்கிறது. சொந்த ஆதாயம் கலந்த தொகுப்புகளைப் பற்றிய நலமுரண் வழிகாட்டுதலே அதற்கு விலக்கு அளிக்கிறது. சீகென்தாலர் விவகாரத்துக்குப் பிறகு இறுகிய விதி இது. ஓட்டுநரின் மகன் செய்தது விதிமீறலே இல்லை ஐயா.

பிபி குறித்து நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் பாதியளவே. ஊழியர் தவறு செய்யவில்லை. நிறுவனம் எழுதிக்கொடுத்ததைத் தொகுப்பாளர்கள் அலசாமல் ஒட்டியதுதான் தவறு. வாசகருக்கு அந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று தெரிய வழியில்லை.

நான் அஞ்சுவது பச்சைப் பொய்க்கு அல்ல, பொய்யை யாராவது பிடித்துவிடுவார்கள். மாற்றங்களைக் கவனிக்க நான் கண்காணிப்புப் பட்டியலில் வைத்திருந்த ஒரு தொழிலதிபரின் கட்டுரையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒழுங்குமுறை அமைப்பு அவருடைய நிறுவனத்துக்கு அபராதம் விதித்ததைப் பற்றி இரண்டு வாக்கியங்கள், "அபராதம்" என்ற தலைப்பின் கீழ் இருந்தன. முதலில் ஒரு கணக்கு தலைப்பை "ஒழுங்குமுறை நிகழ்வுகள்" என்று மாற்றியது. ஒரு மாதம் கழித்து இன்னொரு கணக்கு அந்தப் பகுதியைக் கட்டுரையின் அடிக்குக் கொண்டுபோனது. பிறகு "மிகச் சிறிய பகுதி, தனித்தலைப்பு வேண்டாம்" என்று சொல்லி நிறுவன வரலாற்றுப் பத்தியோடு சேர்த்தார்கள். அடுத்து, "இணைப்பு செயலிழந்துவிட்டது" என்று மேற்கோள் போனது. கடைசியாக வந்த கணக்கு, "மேற்கோள் இல்லாத வாக்கியங்கள்" என்று இரண்டையும் நீக்கிவிட்டுத் தொகுப்புச் சுருக்கத்தில் "சிறு துப்புரவு" என்று எழுதியது. ஏழு மாதம், மூன்று கணக்குகள், ஐந்து தொகுப்புகள். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நானே செய்யக்கூடிய திருத்தம்தான். எல்லா மாற்றங்களும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தை வரிசையாக வாசித்தபோதுதான் அபராதம் எப்படி ஆவியாயிற்று என்பது விளங்கியது. ஆதாயம் உள்ளவனுக்கு ஏழு மாதம் பொறுத்திருக்கக் கூலி கிடைக்கிறது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருக்கிறது.

சட்டப்புத்தகம்:

இருவருமே விதியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அமலாக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. 2014 ஜூனில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதிகளையே திருத்தி, ஊதியம் பெற்றுத் தொகுப்பவர் தன் முதலாளி, வாடிக்கையாளர், தொடர்பு ஆகியவற்றை அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு கூலிக்குக் கட்டுரை எழுதித் தந்த விக்கி-பிஆர் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு தொடர்புடைய 250க்கும் மேற்பட்ட கணக்குகள் முடக்கப்பட்டிருந்தன. விதி வந்த மறு ஆண்டே, ஆரஞ்ச்மூடி என்று பெயரிடப்பட்ட விவகாரத்தில் 381 கைப்பாவைக் கணக்குகளை (வெவ்வேறு ஆட்கள் போலக் காட்ட ஒரே தரப்பு நடத்தும் கணக்குகளை) தடைசெய்து 210 கட்டுரைகளை நீக்க வேண்டியதாயிற்று. அந்தக் கும்பல் செய்த வேலை சாதாரணமானதல்ல: ஏற்கப்படாமல் கிடந்த வரைவுகளைத் தேடிப் பிடித்து, அந்தச் சிறு வணிகர்களிடம் சென்று, பணம் தந்தால் வெளியிடுகிறோம் என்றார்கள், வெளியான பிறகு, மாதாமாதம் கட்டினால் நீக்கப்படாமல் காப்போம் என்றார்கள். நம் ஊரில் இதற்கு மாமூல் என்று பெயர்.

யாரும் புனைபெயரில் எழுதலாம் என்று வாசலைத் திறந்துவைத்துவிட்டு, "நலமுரண் உள்ளவர் உள்ளே வரக் கூடாது" என்று பலகை மாட்டினால், பலகையை மதிப்பவர் மட்டும்தான் வெளியே நிற்பார். கிண்டிக்காரன் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் நிறுவனங்கள் தங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்டு நிறுவனப் பெயரிலேயே கணக்கு வைத்துக்கொள்ள முடியும். அதே நாட்டில்தான், தன் வணிகத்துக்குச் சாதகமாக விக்கிப்பீடியாவில் மறைமுகமாக எழுதியது நேர்மையற்ற போட்டி என்று மியூனிக் உயர் நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. ஒரு கையில் வாசல், மறு கையில் பிரம்பு. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

கிண்டிக்காரன்:

விலக்கு விதி அப்போது எனக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்தத் துறையில் பதினான்கு ஆண்டு இருந்தவனுக்கே தெரியாத விதி, எழுபது வயதுத் தொழிலதிபருக்கு எப்படித் தெரியும் என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டப்புத்தகம் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வாசலை அடைத்தால் மக்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள். ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தன்னைப் பற்றிய கட்டுரையில் இருந்த விமர்சனத்துக்காக 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரூ. 2 கோடி கேட்டு வழக்குத் தொடுத்தது. தொகுப்பாளர்களின் விவரங்களைத் தரும்படி உத்தரவு வந்தது. புனைபெயரில் எழுதிய தன்னார்வலர்கள் நீதிமன்றப் படியேறும் நிலை வந்ததே, அதைவிட என்னைப் போன்ற ஒருவன் பெயர் சொல்லிக்கொண்டு நான்கு வரி திருத்துவது மோசமா?

பக்கவரலாறு:

ஏஎன்ஐ வழக்கு உங்கள் வாதத்துக்கு உதவாது. அங்கே சர்ச்சை, பிறப்பாண்டிலோ பிழையான எண்ணிலோ இல்லை; பிற ஊடகங்கள் எழுதிய விமர்சனம் கட்டுரையில் இருக்கலாமா என்பதில்தான். பெயர் சொல்லித் திருத்த அனுமதித்திருந்தால் அந்த விமர்சனத்தைப் பெயர் சொல்லியே நீக்கியிருப்பார்கள். அந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்ட பக்கத்தை நீக்கும்படி வந்த உத்தரவையும் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ரத்து செய்துவிட்டது.

பெயர் சொல்லாதவர்களின் கதையும் இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் தொகுப்பாளர்கள் நடத்தும் சைன்போஸ்ட் இதழ் 2023 பிப்ரவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதானி குடும்பத்தையும் நிறுவனங்களையும் பற்றிய ஒன்பது கட்டுரைகளில், பின்னர் தடைசெய்யப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட கைப்பாவை அல்லது அறிவிக்காத கூலிக் கணக்குகள் எழுதியிருந்தன என்றும், குழுமத்தைப் பற்றிய கட்டுரை ஒருமுறை நிறுவனத்தின் ஐபி முகவரியிலிருந்தே முழுமையாக மாற்றி எழுதப்பட்டது என்றும் அது கூறியது.

கிண்டிக்காரன்:

குற்றம் சாட்டுவதும் தொகுப்பாளர்கள், விசாரிப்பதும் தொகுப்பாளர்கள், இதழ் நடத்துவதும் தொகுப்பாளர்கள். நலமுரண் எங்களுக்கு மட்டும்தானா?

ஆலமரத்தடி:

இதுவரை வாசித்துக்கொண்டிருந்தேன். தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. விக்கிப்பீடியாவை நிறுவியவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்சே 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையில், லாரி சாங்கர் இணை நிறுவனர் என்று இருந்த குறிப்புகளைப் பலமுறை நீக்கி மாட்டிக்கொண்டார். பிறகு அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று வருந்தினார். விதியை எழுதும் இடத்தில் இருந்தவருக்கே தன் பக்கத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது. ஆகவே கிண்டிக்காரன் கேட்டது நியாயமான கேள்வி: நலமுரண் எல்லோருக்கும் உண்டு. ஆனால் வேல்ஸ் மாட்டிக்கொண்டதற்குக் காரணம், அவர் தன் பெயரிலேயே தொகுத்தார், ஒவ்வொரு நீக்கமும் வரலாற்றுப் பக்கத்தில் நின்றது என்பதுதான். மூன்று கணக்குகளில் செய்திருந்தால் இன்றும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

ஆங்கிலத்தில் பதினோரு வாரம் என்றால் தமிழில் எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. நம்மிடம் புதிய திருத்தங்களைச் சுற்றுக்காவல் பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு நகைக்கடை அதிபரைப் பற்றிய கட்டுரையை அவருடைய கடைத் திறப்புவிழா மலரிலிருந்து அப்படியே தட்டச்சு செய்து போட்டிருந்தார்கள். "கொடைவள்ளல்" என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது. நான் மூன்றை நீக்கினேன், நான்காவது ஒரு படத்தின் கீழ் இருந்ததைக் கவனிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தேன், அது இன்னும் இருந்தது. கூகிளில் அவர் பெயரைத் தேடினால் முதலில் வருவதும் அந்தக் கட்டுரைதான். அடையாளம் சரிபார்த்த கணக்கு வேண்டும் என்று சட்டப்புத்தகம் சொல்கிறார். சரிபார்ப்பதற்கு இங்கே ஆள் யார்?

சட்டப்புத்தகம்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜெர்மனில் இருக்கும் ஆள்பலத்தை மனத்தில் வைத்தே எழுதிவிட்டேன்.

கிண்டிக்காரன்:

எனக்கு ஒரு யோசனை. அதே வாடிக்கையாளரின் கட்டுரையில் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு இன்னும் தவறாக இருக்கிறது. 2014இல் நடந்த கதவடைப்பைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அதை நீக்கித் தரும்படி அவர் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நான் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். ஆண்டைத் திருத்த மட்டும் பேச்சுப் பக்கத்தில் இன்று இரவு வேண்டுகோள் வைக்கிறேன், என் கணக்கின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பக்கவரலாறு, நீங்கள் எத்தனை நாளில் பதில் சொல்கிறீர்கள் என்று பார்ப்போம்.

பக்கவரலாறு:

அனுப்புங்கள். ஆண்டுக்கான ஆதாரமாக நிறுவனத்தின் சொந்த இணையதளத்தைக் கொடுக்காதீர்கள், பதிவாளர் அலுவலக ஆவணமோ பழைய நாளிதழ்ச் செய்தியோ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுகிறேன். கதவடைப்பு வரியையும் என் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.