பெரிய வீடுகள் எரிந்ததற்கு அழ வேண்டுமா?

கில்டேர்வாசி:

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராஸ்காமன் மாவட்டத்து ஸ்ட்ரோக்ஸ்டவுன் பார்க் மாளிகைக்குப் போனேன். அயர்லாந்துக் கிராமங்களில் நிலப்பிரபுவின் மாளிகைக்குப் 'பெரிய வீடு' என்றுதான் பேர். (சிரிக்காதீர்கள், நம் ஊர் சின்ன வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சமையலறைக்கு மேலே ஒரு நடைமாடம் இருக்கிறது. வீட்டுச் சீமாட்டி அங்கே நின்றபடி அந்த வாரத்துச் சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம், சமையல்காரியின் பக்கத்தில்கூடப் போக வேண்டியதில்லை. வேலைக்காரர்கள் கண்ணில் படாமல் வந்துபோக நிலத்துக்கடியில் சுரங்கப்பாதை வேறு. கூட வந்த கூட்டம் "என்ன அழகு" என்று படம் எடுத்துத் தள்ளியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த வீட்டின் கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் தொடங்கிய அதே 1845ல்தான் மேஜர் டெனிஸ் மேஹனுக்கு இந்த எஸ்டேட் கைக்கு வந்தது. குத்தகை பாக்கி மலையாகக் குவிந்து கிடந்தது. குடிகளை ஏழைகள் விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பலேற்றி அனுப்பிவிடுவது மலிவு என்று காரியஸ்தர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1847 மே மாதம் 1,490 பேர் ராயல் கால்வாய்க் கரையோரமாக டப்ளின் வரை நடந்தார்கள். அங்கிருந்து லிவர்பூல், அப்புறம் கனடா. அவர்களில் பலரை ஏற்றிப்போன வெர்ஜினியஸ் கப்பலில் இருந்தவர்கள் 476 பேர். கனடா போய்ச் சேர்வதற்குள் 158 பேர் செத்துப்போனார்கள். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி மேஹனை வழியில் மறித்துச் சுட்டுக் கொன்றார்கள்.

1919 முதல் 1923 வரை, விடுதலைப் போரிலும் அடுத்து வந்த உள்நாட்டுப் போரிலுமாக, இந்த மாதிரி வீடுகள் கிட்டத்தட்ட முந்நூறு எரிந்தன. அந்தப் பேச்சு வந்தாலே "ஐயோ, பாரம்பரியம் போச்சே" என்று ஒப்பாரி வைக்கிறார்கள். யாருடைய பாரம்பரியம்? மிச்சம் நிற்கிற வீடுகளுக்குக் கூரை மாற்ற என் வரிப்பணம் எதற்கு?


கல்தச்சன்:

கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் போன வீட்டையே உதாரணமாக எடுத்தது உங்களுக்கே பாதகம்.

1979ல் அந்த எஸ்டேட்டை வாங்கியவர் பிரபு இல்லை, அதே ஊரில் லாரி கராஜ் வைத்திருந்தவர். தொழிலுக்கு வேண்டிய இடத்தை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம் என்பதுதான் அவருடைய எண்ணம். வீட்டுக்குள் கிடந்த பழைய காகிதங்களைப் புரட்டியபோது, 1846 ஆகஸ்டில் க்ளூனாஹி குடிகள் எழுதிய மனு கையில் சிக்கியது. வேலை கொடுங்கள், பிள்ளைகள் பசியில் கிடக்கிறார்கள் என்று கேட்கிற மனு. அதற்கப்புறம் அவருக்கு விற்க மனம் வரவில்லை. 1994ல் அங்கே தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் திறந்தார்கள். 50,000க்கு மேற்பட்ட ஆவணங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. நீங்கள் சொன்ன 1,490 பேரின் கணக்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அந்த வீட்டுக் காகிதத்திலிருந்துதான்.

1922 ஜூனில் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடம் வெடித்ததில் பொது ஆவணக் காப்பகம் சாம்பலாகி, நூற்றாண்டுக் கணக்கான பதிவுகள் ஒரே நாளில் போயின. அந்த நிலைமையில் ஒவ்வொரு பெரிய வீட்டையும் கொளுத்தும்போது அதன் குத்தகைப் பேரேடும் சேர்ந்துதான் எரிந்திருக்கும். குடியானவன் பெயர் எழுதியிருந்த ஒரே புத்தகம் பல இடங்களில் அதுதான். நிலப்பிரபுக்கு எதிரான சாட்சியை அவன் எதிரியே அழித்ததுபோல் ஆயிற்று.


கில்டேர்வாசி:

பேரேடு விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நள்ளிரவில் பெட்ரோல் டின்னோடு போனவன் ஆய்வாளர்களுக்காக ஆவணம் காக்கப் போகவில்லையே. பிரிட்டிஷ் அரசு இறக்கிய பிளாக் அண்ட் டேன்ஸ் போலீஸ் படை ஊரில் குடிசைகளைக் கொளுத்தியதற்குப் பதிலாகச் சில வீடுகள் எரிந்தன. பட்டாளம் வந்து முகாம் போட்டுவிடுமோ என்ற பயத்தில் சில. நிலம் பிரியும் என்ற ஆசையில் சில. காரணமே இல்லாத காட்டுமிராண்டித்தனம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.


கல்தச்சன்:

அந்த வார்த்தையை நான் எழுதவே இல்லை. சரி, மேயோ மாவட்டத்து மூர் ஹாலுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்?

மூர் குடும்பம் கத்தோலிக்கர்கள். ஸ்பெயினில் அலிகான்டே ஊரில் வணிகம் செய்து சம்பாதித்த பணத்தில், காரா ஏரிக்கரையில் 1790களில் கட்டிய வீடு. 1798 கிளர்ச்சியில் பிரெஞ்சுப் படை இறங்கியபோது கிளர்ச்சிக்காரர்கள் மேற்கு அயர்லாந்தில் அறிவித்த கொனாக்ட் குடியரசின் தலைவராக உட்கார்ந்தது அந்த வீட்டுப் பையன் ஜான் மூர்தான். மறு ஆண்டே காவலில் செத்தார். பஞ்ச காலத்தில் அந்த வீட்டுப் பொறுப்பில் இருந்த ஜார்ஜ் ஹென்றி மூர் ஒரு குதிரைப் பைத்தியம். 1846ல் அவருடைய கொருன்னா என்ற குதிரை செஸ்டர் கோப்பையை ஜெயித்தது. ஜெயித்த பணத்தில் குடிகளுக்குத் தானியமும் மாடும் வாங்கிக் கொடுத்தார். அவருடைய நிலத்தில் ஒருவர்கூடப் பட்டினியால் சாகவில்லை, யாரையும் துரத்தவும் இல்லை என்று அந்த ஊர் இன்றைக்கும் சொல்கிறது.

1923 பிப்ரவரி 1ஆம் தேதி, உள்நாட்டுப் போரில் புதிய அரசை எதிர்த்தவர்கள் அதைக் கொளுத்தினார்கள். அந்த வீட்டு மாரிஸ் மூர் புதிய அயர்லாந்து அரசின் செனட்டராக இருந்ததுதான் குற்றம். குத்தகைக்கும் பசிக்கும் அதில் என்ன சம்பந்தம்?


கில்டேர்வாசி:

ஒரு நல்ல பண்ணையாரைக் காட்டி எல்லாப் பண்ணையாரையும் கரையேற்றுவது நம் ஊர் சினிமாவிலும் நடப்பதுதான். நான் டொனகலில் இருந்து ஒருவரைக் காட்டுகிறேன். ஜான் ஜார்ஜ் அடேர், 1861 ஏப்ரலில் டெரிவே பகுதியில் 47 குடும்பங்களைக் குடிசையோடு இடித்துத் துரத்தினார். 244 பேர். அப்புறம் அந்த ஆளில்லாத பள்ளத்தாக்கில் தனக்கு ஒரு கோட்டை கட்டிக்கொண்டார், அதுதான் க்ளென்வே கோட்டை. இன்றைக்கு அது தேசியப் பூங்கா. தேநீர்க் கடை, பூந்தோட்டம், பேருந்து எல்லாம் உண்டு.


நானுஓயா:

குதிரைக் கதை வந்ததால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நுவரெலியாவில் கிரகரி வாவி இருக்கிறதல்லவா, படகு ஓடுகிற ஏரி. அது யார் பெயர் என்று எங்கள் பக்கம் பெரும்பாலோருக்குத் தெரியாது. சர் வில்லியம் கிரகரி, 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகமும் அவர் காலத்தில் வந்ததுதான், அதற்காக அவரை நல்லவிதமாகத்தான் படித்திருந்தேன்.

அயர்லாந்துக்கு வந்த பிறகுதான் மற்றப் பக்கம் தெரிந்தது. அவர் கால்வே மாவட்டத்துக் கூல் பார்க் வீட்டுக்காரர். 1847ல் லண்டன் நாடாளுமன்றத்தில் இருந்துகொண்டு ஏழைகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க வைத்தார்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விட வேண்டும், நிலம் வேண்டுமென்றால் பட்டினி கிடக்க வேண்டும். இன்றைக்கும் அதற்குக் 'கிரகரி பிரிவு' என்றே பெயர். இவருக்கும் குதிரைப் பந்தயம் உண்டு. கடன் கழுத்தை நெரித்து எஸ்டேட்டின் பெரும்பகுதியை விற்க வேண்டி வந்தது. மூரின் குதிரை குடிகளுக்குத் தானியம் கொண்டுவந்தது, கிரகரியின் குதிரைகள் எஸ்டேட்டைத் தின்றன!

இன்னொன்று, கூல் நிலத்தை 1768ல் வாங்கிய ராபர்ட் கிரகரி கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்தவர். ஆகவே கில்டேர்வாசி அண்ணா, "யாருடைய பாரம்பரியம்" என்று கேட்டீர்களே, அந்த வீட்டுக் கல்லில் நம் பக்கத்துக் காசும் கொஞ்சம் கலந்திருந்தது.


கால்வே நர்ஸ்:

கூல் பார்க்கா? இரவு டியூட்டி முடிந்து நான் நடக்கப் போகிற இடம் அதுதான். வீட்டைத் தேடாதீர்கள், தரைமேடை மட்டும்தான் இருக்கிறது. வில்லியம் கிரகரியின் மனைவி அகஸ்டா கிரகரி அங்கே எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து, அவர்கள் கையெழுத்தைத் தோட்டத்து மரத்தில் செதுக்கச் சொல்வார். மரம் இருக்கிறது, எழுத்தும் மங்கலாகத் தெரிகிறது.

அந்த வீட்டை யாரும் கொளுத்தவில்லை. 1927லேயே எஸ்டேட்டை அரசுக்கு விற்றுவிட்டு, அகஸ்டா அம்மையார் 1932ல் சாகும்வரை வாடகை கொடுத்து அங்கேயே இருந்தார். 1941ல் வீட்டைப் பிரித்தெடுத்துக் கல்லாக விற்றுவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் தீயைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். தீயில் போனதைவிட இப்படிப் போனதுதான் அதிகம். 1903 விண்டம் சட்டத்துக்குப் பிறகு குடிகள் அரசுக் கடனில் நிலத்தை வாங்கிக்கொண்டார்கள், நில ஆணையம் மிச்சத்தையும் எடுத்துப் பிரித்தது. நிலம் போன பிறகு முப்பது அறை வீட்டை எதைக் கொண்டு நடத்துவது? கூரை இருந்தால் வரி உண்டு. அதனால் ஈயத் தகட்டையும் மரத்தையும் விற்றுக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஐந்து வருஷம் மழை பெய்தால் போதாதா?


கல்தச்சன்:

நர்ஸ் அக்கா சொன்னது மிகச் சரி. இன்றைக்கு மிச்சமிருப்பது விபத்துபோலத் தப்பியதுதான்.

நான் கட்டடத் துறைக்காரன், கையைப் பார்க்காமல் இருக்க முடியாது. கில்டேர் மாவட்டத்து காசில்டவுன் மாளிகை 1722ல் தொடங்கியது. கட்டியவர் வில்லியம் கொனோலி, டொனகலில் விடுதி நடத்தியவரின் மகன், போரில் தோற்றவர்களிடம் பறித்த நிலங்களை வாங்கி விற்று நாட்டிலேயே பெரிய பணக்காரர் ஆனவர். ஆள் எப்படியோ, அந்தச் சுவரின் சாந்து வேலையும் கல் வேலையும் கொனோலி செய்ததில்லை. பெயர் தெரியாத கொத்தர்கள் செய்தது. வீட்டை இடித்தால் கொனோலிக்கு நஷ்டமில்லை, அவர் செத்து முந்நூறு வருஷம் ஆகப் போகிறது. அந்தக் கொத்தர்களின் கைதான் போகும்.


கில்டேர்வாசி:

காசில்டவுன் என் வீட்டிலிருந்து பத்து நிமிஷம், வாரம் ஒருமுறை நாயோடு போகிறேன். அங்கிருந்து தூரத்தில் ஒரு வளைவுக் கோபுரம் தெரியும், சுமார் 140 அடி உயரம். 1740 கடுங்குளிரில் ஊர் பட்டினி கிடந்தபோது, கொனோலியின் விதவை கூலி கொடுத்துக் கட்டவைத்தது. புண்ணியவதி என்பார்கள். சும்மா சோறு போட்டால் கெட்டுவிடுவான், ஒன்றுக்கும் உதவாத கோபுரமாவது கட்டவைத்துச் சோறு போட வேண்டும்! கொத்தனின் கை என்று உருகுகிறீர்களே, அந்தக் கையின் வயிறு காலியாக இருந்ததையும் பலகையில் எழுதுங்கள்.

காகிதம் முக்கியம் என்று முன்பே ஒத்துக்கொண்டேன். அதை நூலகத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள். கூரைக்கு ஏன் பணம்? தனியார் வீடுகளுக்குக்கூட, ஆண்டுக்கு 60 நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் பழுதுபார்க்கும் செலவுக்கு வரிச்சலுகை தருகிறார்கள்.


கல்தச்சன்:

நண்பரே, நூலகத்தில் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டா இந்த இழையைத் தொடங்கினீர்கள்? சமையலறை மாடத்தையும் சுரங்கப்பாதையையும் நேரில் பார்த்து வயிறு பிசைந்ததால் தொடங்கினீர்கள். அந்த மாடம் இடிந்திருந்தால் "பட்டியலைக் கீழே போடுவார்" என்பது வெறும் வாய்க்கதை. யாரும் நம்பமாட்டார்கள்.


நானுஓயா:

கல்தச்சன் சொல்வது எனக்கும் உறைக்கிறது, ஆனாலும் ஒரு மூலை இடிக்கிறது. எங்கள் மலையில் துரைமார் பங்களாக்கள் பல இப்போது ஹோட்டல். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்தில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள், கூரை ஒழுகுகிறது. இங்கே குடிசைக்காரர்களே மிச்சமில்லை. 1841 கணக்கெடுப்பில் ஒற்றை அறை மண் குடிசைகளை 'நான்காம் தரம்' என்று தனியாக எண்ணினார்கள். லட்சக்கணக்கில் இருந்தன. பத்து வருஷம் கழித்து எண்ணியபோது பெரும்பகுதி காணோம். பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் செத்து, அதைவிட அதிகம் பேர் கப்பலேறிப் போன கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. கல்லால் கட்டியது நின்றதால் பார்க்கிறோம். மண்ணால் கட்டியது மழையில் கரைந்தது. கூரைக்குப் பணம் கொடுக்கிற அரசு, பக்கத்திலேயே ஒரு மண் குடிசையையும் கட்டிவைத்து அதற்கும் அதே டிக்கெட்டில் அனுமதி கொடுக்கட்டுமே.


கில்டேர்வாசி:

குடிசை யோசனைக்கு என் ஓட்டு. மற்றதில் என் கட்சி மாறவில்லை, எரித்தவனை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். மூர் ஹாலை எரித்தவனை மட்டும்... தெரியவில்லை, அந்தக் குதிரைக் கதை மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரும் சனிக்கிழமை அங்கே போகலாமென்று இருக்கிறேன். யாராவது வருகிறீர்களா? உள்ளே போக விடுவார்களா?


கால்வே நர்ஸ்:

சனிக்கிழமை எனக்கு லீவு, வருகிறேன். உள்ளே விடமாட்டார்கள், சுவர்கள் மட்டும் நிற்கின்றன, சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அரிய வகை வவ்வால்கள் குடியிருக்கின்றன, அவற்றைக் கலைக்க யாருக்கும் அனுமதியில்லை. ஏரிக்கரைக் காட்டுப் பாதையில் ஒரே சேறு. பிள்ளைகளுக்கு ரப்பர் பூட்ஸ் எடுத்துவாருங்கள் அண்ணே. கல்தச்சன், நீங்கள் கார் எடுத்தால் போகிற வழியில் என்னை ஏற்றிக்கொள்ளுங்கள். சண்டையைக் காரில் தொடரலாம்.