மகளுக்குச் செய்த பழைய செலவை எப்படி நிரூபிப்பது? ரசீது பாதிதான் இருக்கிறது

வியாசர்பாடி அம்மா:
வணக்கம். 2023 ஜூனிலிருந்து என் கணவர் பிரிந்து இருக்கிறார். அதன்பின் மகளுக்கென்று ஒரு ரூபாய் தந்ததில்லை. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார், சம்பளம் கையில்தான். ஸ்கூல் பீஸ், டியூஷன், வேன், வீசிங் மருந்து எல்லாம் நான் தையல் வேலை செய்து பார்த்துக்கொண்டேன். இப்போது ஜீவனாம்சத்துக்கு மனு போடப் போகிறேன். பழைய செலவையும் கேட்க முடியுமா? அந்த டிசம்பர் மிக்ஜாம் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ரசீதெல்லாம் கூழாகிவிட்டது. மிச்சமிருக்கும் மெடிக்கல் பில்லிலும் எழுத்து மங்கிவிட்டது. வாயால் சொன்னால் நீதிபதி நம்புவாரா?

பாரிமுனை வக்கீல்:
சகோதரி, எந்த வழக்கு என்பதைப் பொறுத்து ரசீதின் வேலை மாறும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவு. அதில் ஜீவனாம்சம் மனு தாக்கல் செய்த தேதியிலிருந்துதான் கணக்கு. 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தைய செலவு அங்கே திரும்பக் கிடைக்காது. ஆனால் பிள்ளைக்கு மாதம் எவ்வளவு தேவை என்று காட்ட அந்த ரசீதுகள்தான் உதவும்.

முந்தைய செலவையே வாங்க வேண்டுமென்றால், இந்துக்களாக இருந்தால் 1956-ம் ஆண்டு தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவில் சிவில் வழக்கு போட வேண்டும். நிலுவைக்கு லிமிடேஷன் (வழக்குப் போடும் காலவரம்பு) சட்ட அட்டவணையின் 105-வது உறுப்பில் 3 ஆண்டுதான் கெடு. அது ஒவ்வொரு மாதத் தொகைக்கும் தனித்தனியாக ஓடும். ஆகவே ரசீது எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனுவை முதலில் போடுங்கள்.

கொருக்குப்பேட்டை அக்கா:
தங்கச்சி, உன் கையில் இருந்த தாள்தானே நனைந்தது? பணம் வாங்கியவர்களிடம் கணக்கு இருக்கும். ஸ்கூலில் எழுதிக் கொடுத்து, வருடவாரியாக பீஸ் கட்டிய விவரத்தை சீல் போட்டு வாங்கு. கம்ப்யூட்டர் பில் போடும் மெடிக்கலில் உன் போன் நம்பரைச் சொன்னால் பழைய பில் கிடைக்கலாம். பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஸ்டாம்ப், கையெழுத்தோடு கேள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் ஓபி சீட்டையும் சேர், பிள்ளைக்கு வீசிங் இருப்பதற்கு அது ஆதாரம். பீஸ் கட்ட நகையை அடகு வைத்திருந்தால் அந்தச் சீட்டை விட்டுவிடாதே! எதற்காக வைத்தாய் என்பது, தேதியையும் பீஸ் கட்டிய தேதியையும் பக்கத்தில் வைத்தாலே புரிந்துவிடும். எங்கள் வழக்கில் அதுதான் எடுபட்டது. எல்லாவற்றையும் மாதவாரியாக ஒரு நோட்டில் எழுது: என்ன செலவு, யாருக்கு, எவ்வளவு, ஆதாரம் எது.

வியாசர்பாடி அம்மா:
ரொம்ப நன்றி அக்கா. வேன்காரருக்கு ஜிபேயில் போட்டேன். டியூஷன் டீச்சருக்குக் கையில் கொடுத்தேன், ரசீது கிடையாது. பீஸ் கேட்டு என் கணவருக்கு வாட்ஸ்அப் அனுப்பியபோது "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று பதில் போட்டார். அது உதவுமா சார்?

பாரிமுனை வக்கீல்:
நிச்சயமாக உதவும். நீங்கள் கேட்டீர்கள், அவருக்குத் தெரியும், தரவில்லை என்று மூன்றையும் அது காட்டுகிறது. அழிக்காதீர்கள், அந்த போனையும் மாற்றாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவின்படி மின்னணு ஆவணச் சான்றிதழும் வைக்க வேண்டும். டியூஷனுக்கு டீச்சர் சாட்சி சொன்னால் போதும். தயவுசெய்து இப்போது எழுதி பழைய தேதி போட்ட ரசீது மட்டும் வாங்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது ஒன்று உடைந்தால் உண்மையான மற்ற ரசீதுகள் மீதும் சந்தேகம் வரும். குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தின் 14-வது பிரிவு சாட்சிய விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. நேர்மையான கணக்குக்கு மதிப்பு உண்டு.

உங்கள் கணவர் சம்பளம் கையில் வாங்கினாலும், அதே 2020 தீர்ப்பின்படி இருவரும் வருமானம், சொத்து, கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். உங்கள் தையல் வருமானத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

வியாசர்பாடி அம்மா:
வக்கீல் பீஸுக்கு வழியில்லை சார். பீஸ் கட்ட என் தங்கை கடன் கொடுத்தாள், அவள் சாட்சி சொல்லலாமா?

பாரிமுனை வக்கீல்:
தாராளமாக. சொந்தக்காரர் என்பதால் மட்டும் தள்ள மாட்டார்கள், தங்கை பணம் அனுப்பிய பேங்க் பதிவும் இருந்தால் இன்னும் பலம். வக்கீலுக்கு 15100-க்குப் போன் செய்யுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, குடும்ப நல நீதிமன்றமும் அங்கேதான். ஆதார், திருமணச் சான்று, மகளின் பிறப்புச் சான்று நகல்களோடு போங்கள்.