அண்டர்டேக்கர பெட்டிக்குள்ள போட்ட ராத்திரி: லயத்துல ரெஸ்லிங் பாத்த நம்ம கதைங்க

மஸ்கெலியாகாரன்:
எல்லாரும் ஸ்டோன் கோல்ட், ராக்னு பெரிய ரெஸ்லருங்களப் பத்தி எழுதுறீங்க, எனக்கு ஒரே ஒரு ராத்திரிதான் நெஞ்சுக்குள்ள கெடக்கு, இறக்கி வச்சுட்டுப் போயிடுறேன். ராயல் ரம்பிள்ங்குற ஷோ, 94ல, அண்டர்டேக்கருக்கும் யோகோசுனாவுக்கும் நடந்த அந்த சவப்பெட்டி மேட்ச், எதிராளிய பெட்டிக்குள்ள போட்டு மூடினவன் ஜெயிப்பான். மேட்ச் முடிஞ்சு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் கேசட் எங்க தோட்டத்துப் பக்கம் வந்துச்சு. அப்ப எங்க லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீடுங்களுக்கு, கரண்ட் இல்ல. சம்பளம் போட்ட வாரம் வீட்டுக்கு இவ்வளவுன்னு காசு சேத்து டவுன்ல இருந்து டீவி, டெக், ஜெனரேட்டர் மூணும் வாடகைக்கு எடுத்துட்டு வந்து கோயில் முன்னால வச்சு ரெண்டு படம் ஓட்டிட்டு, விடியக்காலம் போல பொடியன்களுக்காக ரெஸ்லிங் போடுவாங்க. பெரியவங்க பாதிப் பேரு போயிடுவாங்க, ஆனா எங்க அம்மாயி போக மாட்டாங்க. கம்பளிய போத்திக்கிட்டு முன்னால ஒக்காந்திருப்பாங்க.

நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்ச் தான், யோகோசுனாவால தனியா முடியாம பத்துப் பேரு உள்ள எறங்கி அடிப்பானுங்க, அப்புறம் அண்டர்டேக்கரோட மேனேஜர் பால் பேரர் கையில இருந்த அந்தச் செம்ப புடுங்கி யோகோசுனா மூடியத் தொறப்பான், பச்சையா பொக வரும், அண்டர்டேக்கர் அப்படியே தளந்து போயிடுவாரு. எங்களுக்கு அது என்னன்னே வெளங்கல. அம்மாயிதான் "அடப்பாவிகளா, அஸ்திச் செம்பத் தொறந்துட்டானுங்களே"ன்னு வாயில கைய வச்சாங்க. பெட்டிய மூடி தள்ளிக்கிட்டுப் போறப்ப அம்மாயி எந்திரிச்சு நின்னுட்டாங்க. லயத்துக்கு முன்னால பொணம் போனா நம்ம ஆளுங்க எந்திரிச்சு நிப்பாங்கல்ல, அதே மாதிரி, கம்பளிய தோள்ல இருந்து எறக்கிட்டு. பக்கத்துல இருந்த ரெண்டு கெழவிகளும் எந்திரிச்சாங்க. அந்த நேரம் பாத்து ஜெனரேட்டர் நின்னுச்சு, எண்ணெய் முடிஞ்சு போச்சு. கும்மிருட்டு, பனி வேற. "போனவன் போயிட்டான், போய்ப் படுங்கடா"ன்னாங்க.

அதுக்கு அப்புறம் பெட்டிக்குள்ள இருந்து அவரு பேசுறது, திரைல மேல எழும்பிப் போறது எதையும் அம்மாயி பாக்கல. அந்த 94 ஆகஸ்ட்லயே சம்மர்ஸ்லாம்ங்குற ஷோல அவரு திரும்பி வந்துட்டாருன்னு எனக்கு பள்ளிக்கூடத்துல சொல்லித் தெரியும். "அம்மாயி, அவன் சாவல"ன்னு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம். ஏன் சொல்லலன்னு இன்னிக்கும் எனக்கு வெளங்கல. 2003ல அம்மாயி போயிட்டாங்க.

பதுளை வாசி:
அண்ணே கதை நல்லா இருக்கு, ஆனா ஒரு திருத்தம் சொல்லியே ஆகணும். சம்மர்ஸ்லாமுக்கு முன்னாலயே ஒருத்தன் வந்தான், டெட் டிபியாசி கூட்டிட்டு வந்த போலி அண்டர்டேக்கர். சம்மர்ஸ்லாம்ல வந்த நெசமான ஆளு அந்தப் போலியத்தான் அடிச்சாரு. ஒரே நேரம் ரிங்குல ரெண்டு அண்டர்டேக்கர் நின்னதப் பாத்துட்டுத்தான் எங்க பக்கம் "அவருக்கு ஏழு உசுரு, அதுல மூணு போச்சு, நாலு மிச்சம்"னு பேச்சு கெளம்புச்சு. எங்க வகுப்புல ஒருத்தன் கணக்குக் கொப்பியோட கடைசிப் பக்கத்துல உசுருக்கு ஒரு கோடு போட்டு வச்சிருந்தான், ஒவ்வொரு தடவ அவரு பெட்டிக்குள்ள போறப்பயும் ஒண்ண அழிப்பான். சார் அத கிழிச்சுப் போட்டுட்டாரு. அவன் அழுத அழுகை சொந்தக்காரன் செத்தவன் அழுகை.

இன்னொண்ணு. ரெஸ்லிங்கப் பத்திப் பேசினாலே "அது எல்லாம் நடிப்புத்தானே"ன்னு சில பேரு சொல்றீங்க, எனக்கு அது கோவம் வருது. மாசி மாசம் நம்ம தோட்டத்துல காமன் கூத்து நடக்குதுல்ல? சிவன் காமன எரிப்பாருன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், ரதி வேசம் கட்டினது பக்கத்து லயத்து அண்ணன்னும் தெரியும், ஆனாலும் ரதி ஒப்பாரி வைக்கிறப்ப நம்ம அம்மாமாரு முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடைக்கிறாங்க. யாராவது எந்திரிச்சு "இது நடிப்பு"ன்னு சொல்றானா? ரெஸ்லிங்லயும் முடிவு முன்கூட்டியே பேசி வச்சதுதான், அத அத நடத்துறவங்களே எப்பவோ ஒத்துக்கிட்டாங்க. ஆனா 98 ஜூன்ல மேன்கைண்ட்னு ஒரு ரெஸ்லர் ரிங்க மூடியிருந்த கூண்டு உச்சில இருந்து, பதினாறு அடி, மேசை மேல விழுந்தது முதுகுலதான விழுந்தது? வலி பேசி வச்சதா?

தலவாக்கலை அக்கா:
நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதது. நான் பெரிய மனுசி ஆன நேரம், 2000ம் வருசம், காம்பராவோட ஒரு மூலைல சேலைய கட்டி என்னைய உள்ள ஒக்கார வச்சிருந்தாங்க. குறுக்க ஒரு உலக்கை. வெளிய போகக் கூடாது, அண்ணனுங்க மொகத்தப் பாக்கக் கூடாது. எங்க வீட்டுல ஒரே காம்பராதான, அதனால அண்ணனுங்களும் அவங்க கூட்டாளிகளும் இஸ்தோப்புல, வாசல் திண்ணைல, டெக் போட்டு ரெஸ்லிங் பாக்குற சத்தம் முழுக்க என் காதுல விழும். சேலைல கரைக்குப் பக்கத்துல சின்னக் கிழிசல். அது வழியா பாத்தேன்.

சைனான்னு ஒரு பொம்பள ரெஸ்லர். ஜெஃப் ஜாரெட் கூட மேட்ச். பொம்பளைங்க வேலை வீட்டுலதான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு அவன், அதனால அந்த மேட்ச்ல வீட்டு சாமான்தான் ஆயுதம், சமையல்கட்டு சாமான எல்லாம் மேசைல பரப்பி வச்சிருந்தாங்க. அவன் பெல்ட்டால அடிச்சு ஜெயிச்சுட்டான்னு மணி அடிச்சாச்சு, என் நெஞ்சு விழுந்து போச்சு. அப்ப ரெஃப்ரி வந்து "பெல்ட் வீட்டு சாமான் இல்ல, செல்லாது"ன்னு மறுபடி ஆரம்பிச்சாரு பாருங்க, அந்த ஒரு நிமிசம். சைனா கிட்டாரால ஒரே போடு. இன்டர்கான்டினென்டல் பட்டத்தை ஒரு பொம்பள எடுத்தது அதுதான் மொதத் தடவ, 99 அக்டோபர். அண்ணனுங்க எல்லாம் கத்துறானுங்க, நான் இந்தப் பக்கம் சேலைய ரெண்டு கையால இறுக்கிப் புடிச்சிக்கிட்டு சத்தம் வராம அழுவுறேன், காலடியில உலக்கை.

மலைக்குப் போயி கொழுந்து கூடையோட வந்த அம்மா சேலைய வெலக்கிப் பாத்துட்டு "வயித்த வலிக்குதாடி"ன்னாங்க. ஆமான்னுட்டேன். 2016ல சைனா செத்துப் போனாங்கன்னு ஃபோன்ல பாத்தப்ப எனக்கு அந்தக் கிழிசல்தான் ஞாபகம் வந்துச்சு. 2019ல, வருசத்துப் பெரிய ஷோவான ரெஸ்ல்மேனியாவோட கடைசி மேட்ச்சே மூணு பொம்பளைங்களோடது, பெக்கி லிஞ்ச் ஜெயிச்சாங்க, அத என் மகளோட ஒக்காந்து பாத்தேன், வெளிய, சோபால.

நோர்வூட் தம்பி:
சுருக்கமா சொல்றேன். 2001, தோட்டத்துக் கிரவுண்ட், நாங்க அஞ்சு பேரு, என் கூட்டாளிய தலைகீழா தூக்கி, அண்டர்டேக்கர் போடுற டூம்ஸ்டோன் அடி போட்டது நான்தான். முழங்கால் மடிச்சு எறக்கினேன், அவன் தலை என் தொடைக்கு கீழ எறங்கி இருந்தத நான் பாக்கல. கொழுந்து ஏத்துற லொறிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், சாக்குக்கு மேல படுக்க வச்சு. அவன் உசுரோட இருக்கான், கடை வச்சிருக்கான். ஆனா இடது பக்கம் கழுத்து திரும்பாது. அந்தப் பக்கம் இருந்து யாராவது கூப்பிட்டா ஒடம்போட திரும்புவான். நான் எப்பவும் வலது பக்கமா போயித்தான் பேசுவேன்.

இப்ப சொல்ல வேண்டியது வேற. உங்க வீட்டுல புள்ளைங்க ஃபோன்ல துண்டு துண்டா வீடியோ பாத்துட்டு மெத்தைல குதிக்கிறது எனக்குத் தெரியும், என் தங்கச்சி மகன் ரெண்டு பேரும் அதான் பண்றானுங்க. அந்தத் துண்டு வீடியோல விழுறது மட்டும்தான் இருக்கும், எப்படி விழுறாங்கன்னு இருக்காது. ரிங்கு ஒண்ணும் மெத்தை இல்ல, இரும்புச் சட்டம், அதுக்கு மேல பலகை, மெல்லிசா ஒரு ஸ்பான்ஞ், மேல துணி. மாசக்கணக்குல அவங்க படிக்கிற மொதப் பாடமே விழுறதுதான், நாடிய நெஞ்சோட ஒட்ட வைக்கணும், முதுகு முழுசா ஒரே நேரம் தரைல படணும், கையால தரைய அறையணும், தலை மட்டும் படவே கூடாது. இவ்வளவு படிச்சவங்களுக்கே தப்புது. 97 சம்மர்ஸ்லாம்ல ஓவன் ஹார்ட் ஸ்டோன் கோல்டுக்கு அதே மாதிரி தலைகீழா எறக்குற பைல்டிரைவர் போட்டாரு, மல்யுத்தக் குடும்பத்துல பொறந்து சின்ன வயசுல இருந்தே பழகின ஆளு அவரு, ஆனாலும் ஸ்டோன் கோல்ட் தலை நேரா தரைல இடிச்சு கொஞ்ச நேரம் கை கால் அசையல. எப்படியோ உருண்டு ஓவன புடிச்சு மூணு எண்ண வச்சு மேட்ச்ச முடிச்சாரு. அந்தக் கழுத்தோடதான் 2003 வரைக்கும் ஓடினாரு, ராக் கூட ரெஸ்ல்மேனியா ஆடிட்டு நிறுத்திக்கிட்டாரு. 99ல ட்ராஸ்னு ஒருத்தரு, ஒரு பிடி வழுக்கினதுல கழுத்துக்குக் கீழ எல்லாம் போச்சு, 2023ல சாகுற வரைக்கும் நாற்காலிதான். எட்ஜ் 2011ல நிறுத்தினதும் கழுத்தாலதான், ஒன்பது வருசம் கழிச்சுத்தான் திரும்பி வந்தாரு.

அப்படி யாராவது புள்ள தலைகுப்புற விழுந்துட்டா தயவு செஞ்சு தூக்காதீங்க. நாங்க தூக்கினோம். ஒக்கார வச்சுத் தண்ணி குடுத்தோம், ஒருத்தன் கழுத்த நீவி விட்டான். அது எல்லாம் தப்பு. விழுந்த எடத்துலயே கெடக்கட்டும், ரெண்டு கையால தலைய ரெண்டு பக்கமும் அசையாம புடிச்சிக்கோங்க, பேச்சுக் குடுங்க, இன்னொருத்தர் நம்ம இலங்கை ஆம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிங்க. எங்க காலத்துல அது இல்ல, லொறிதான் இருந்துச்சு. இப்ப அந்த சுவசெரிய ஆம்புலன்ஸ் எல்லா மாகாணத்துலயும் இருக்கு, காசு இல்ல. லயத்து ரோட்டுக்கு வண்டி வராதுன்னா பலகையோ கதவோ கழட்டி அதுல நேரா படுக்க வச்சு, நாலு பேரு சேந்து மெல்லமா ரோட்டு வரைக்கும் கொண்டு வாங்க. இத நீங்க யாரும் கேக்கலதான், தெரியும்.

புறக்கோட்டை - பொகவந்தலாவ:
பதுளை அண்ணே, உங்க ஏழு உசுரு கணக்கு எல்லாம் சரி, ஆனா அண்டர்டேக்கருக்கு நெசமான சாவு 2014ல. இங்க நம்ம நேரத்துக்கு திங்கக்கெழம காலைல, ஏப்ரல் 7. வருசப் பொறப்புக்கு முந்தின வாரம், புடவைக் கடைல கால் வைக்க எடம் இருக்காது, மொதலாளி மேல் மாடில டிஷ் வச்சிருந்தாரு, கடை தொறக்குறதுக்கு முன்னால நாங்க நாலஞ்சு பொடியனுங்க மேல ஓடி நின்னுக்கிட்டே பாக்குறோம். ரெஸ்ல்மேனியால 21 தடவ தோக்காத மனுசன். எதிர்த்து நின்ன லெஸ்னர் தன்னோட எஃப்ஃபைவ் அடிய மூணாவது தடவ போடுறான், ஒண்ணு ரெண்டு மூணு. ஜெயிச்சவனுக்குப் போடுற பாட்டு வரல. அங்க அரங்கமே வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. திரைல 21-1ன்னு எழுதுறாங்க.

மூட்டை தூக்க வந்த வயசான நாட்டாமி ஒருத்தரு கதவாண்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, அவரும் நம்ம மலைப்பக்கத்து ஆளுதான். தலத்துண்ட கழட்டி கையில வச்சுக்கிட்டு "தம்பி, தப்பா எண்ணிட்டாங்களா?"ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? அன்னிக்கு முழுக்க சேல விரிச்சுக் காட்டுறேன், எந்த நெறத்தக் காட்டுறேன்னு எனக்கே தெரியல.

அப்புறம் ரோமன் ரெய்ன்ஸ்னு ஒரு ரெஸ்லர் 1316 நாள் பட்டத்த வச்சிருந்தாரே, அது ஒண்ணும் பெருசு இல்லன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு: அவரு யோகோசுனாவோட குடும்பம்ங்க. சமோவாக் குடும்பம். நீங்க 94ல பெட்டிய மூடின கையவும் இப்ப உள்ள கையவும் தனித்தனியா பாக்குறீங்க, அது ஒரே வீட்டுக் கை.

நுவரெலியாப் பக்கம்:
நான் எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா பாத்துக்கிட்டு இருந்தேன். நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்ப எங்க லயத்துக்கு மேல இருந்த மலை எறங்கிருச்சு. நாங்க ராத்திரியே ஓடி வந்ததால உசுரு இருக்கு. ரெண்டு வாரம் பள்ளிக்கூடத்து ஹால்ல, முப்பது குடும்பத்துக்கு மேல. என் மகனுக்கு ஒன்பது வயசு, ரெஸ்லர் ஜான் சீனா மேல பைத்தியம், அவர மாதிரியே கைய மொகத்துக்கு முன்னால ஆட்டிக்கிட்டே திரிவான். 2025 டிசம்பர் 14, ஞாயித்துக்கெழம காலைல ஜான் சீனாவோட கடைசி மேட்ச், குந்தர் கூட. ஃபோன் சார்ஜ் போட கோயில் ஜெனரேட்டருக்கு மொத நாளே வரிசைல நின்னு எடுத்து வச்சேன். பெஞ்சுக்குக் கீழ பாய் போட்டு நாங்க ரெண்டு பேரும், அப்புறம் பாத்தா பத்துப் பதினஞ்சு புள்ளைங்க என் தோள் மேல.

குந்தர் கழுத்தப் புடிச்சுட்டான். சீனா விடமாட்டாருன்னு புள்ளைங்க எல்லாம் கத்துதுங்க, விட்டுக் குடுக்காதன்னு சொல்லிச் சொல்லியே வளந்த மனுசன், 17 தடவ சாம்பியன். ஆனா அவரு லேசா சிரிச்சாரு. சிரிச்சுட்டு கையால தட்டிட்டாரு. ஹால்ல ஒரு சத்தம் இல்ல.

அப்புறம் அவரு குனிஞ்சு சப்பாத்த கழட்டி, கைப்பட்டையையும் கழட்டி, ரிங்கு நடுவுல வச்சுட்டு மேல ஏறிப் போனாரு. என் மகன் ரொம்ப நேரம் பேசல. அவன் சப்பாத்து மண்ணுக்குள்ள போச்சு, அன்னிக்கும் வெறுங்காலோடதான் என் மடில ஒக்காந்திருந்தான். அப்புறம் கேட்டான், "அப்பா, அந்தச் சப்பாத்த இனி யாரு எடுப்பாங்க?"

எனக்கு தொண்டை அடைச்சுருச்சு, தண்ணி குடிச்சுட்டு வாரேன்னு எந்திரிச்சு வெளிய போயிட்டேன். இன்னும் பதில் சொல்லல.

பதுளை வாசி:
அண்ணே, மகனுக்கு என்ன சைஸ்? எனக்கு தனியா எழுதுங்க, பள்ளிக்கூடத்துக்குப் போடுற வெள்ளையா, வேற நெறமான்னும் சேத்து எழுதுங்க. மஸ்கெலியா அண்ணே, 94 கேசட் எங்க வீட்டு அட்டாலைல இன்னும் கெடக்கு, டெக்தான் இல்ல. இருந்தா சொல்லுங்க, கொண்டு வாரேன்.

மஸ்கெலியாகாரன்:
டெக் நான் தேடுறேன். நுவரெலியா தம்பி, சைஸ எனக்கும் எழுதுங்க.

நுவரெலியாப் பக்கம்:
3ங்க அண்ணே. போன வருசம் 2.